சம ஆசனம்: யாழ்ப்பாணத்து வாங்குகளின் கதை



ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களில் பலர் வந்து இறங்கும் கோலியர்ஸ் வுட் நிலையம் 1926-ல் திறக்கப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்தில் ஒரு கேள்வி தீயாகப் பற்றியது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கலாமா என்பதே அந்தக் கேள்வி. ஆண்டுவிழா மலரில் இது எதற்கு என்று சிலர் நினைக்கக் கூடும். நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் மிஷன் பாடசாலைகளில் எழுத்துப் படித்தவர்கள். அந்தப் பாடசாலைகளின் பெருமையை விழாவுக்கு விழா சொல்கிறோம். இந்தக் கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அமெரிக்க மிஷனரிமார் 1816-ல் தெல்லிப்பழையில் வேலையைத் தொடங்கினார்கள். 1823-ல் வட்டுக்கோட்டை செமினரி, 1824-ல் உடுவில் பெண்கள் பாடசாலை என்று வளர்ந்தது. ஆனால் தொடக்கத்தில் விடுதிக்கு வந்த உயர்சாதிப் பையன்கள் கிறிஸ்தவர்களின் வளவில் சமைத்ததைத் தொட மாட்டோம் என்றார்கள். அதனால் சமையலறையைப் பக்கத்துச் சைவரின் காணியில் போட வேண்டியதாயிற்று. பிள்ளைகள் முதலில் படிக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று மிஷனரிமார் எண்ணியிருப்பார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்தப் 'பிறகு' வருவதற்கு ஒரு நூற்றாண்டு சென்றது. 1847-ல் பீற்றர் பேர்சிவல் ஐயர் (நாவலரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கியவர்தான்) யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் ஒரு நளவர் குலப் பிள்ளையைச் சேர்த்தபோது, மற்றப் பிள்ளைகள் பலர் விலகிப் போனார்கள். ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல. ஒரே கர்த்தரைத் தொழ வந்தவர்களுக்குள் சிலருக்குத் தனி இடம் வைத்திருந்த ஆலயங்கள் நம் நாட்டில் இருந்தன.

பாடசாலைக்குள் விடப்பட்ட பிள்ளையும் வாங்கில் ஏற முடியாது. நிலத்தில் இருக்க வேண்டும். சில இடங்களில் வகுப்புக்கு வெளியே இருந்து கேட்க வேண்டும். 1929-30 காலத்தில் கல்வித் திணைக்களம், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. சம ஆசனத்தோடு சம போசனமும் பேசப்பட்டது. எதிர்ப்பு உடனே வந்தது. பெற்றோர் பிள்ளைகளை மறித்தார்கள், மனுக்கள் போயின. 1930-ல் பாடசாலைக் கொட்டில்கள் பல இரவோடு இரவாக எரிக்கப்பட்டன. பெண்களுக்கும் ஆண்களுக்கும் கல்லூரிகள் கட்டித் தந்த சேர் பொன்னம்பலம் இராமநாதனே சம ஆசனத்தை எதிர்த்து நின்றார். படிப்பை இவ்வளவு நேசித்த மனிதர் பக்கத்து வாங்கில் இன்னொரு பிள்ளை இருப்பதைப் பொறுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்குவதில்லை.

மறுபக்கத்தில் நின்றவர்களையும் நீங்கள் அறிய வேண்டும். 1924-ல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின் வாலிபர் காங்கிரஸ் ஆன சங்கத்தில் முன்னின்றவர் யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர் ஹன்டி பேரின்பநாயகம். 1927-ல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அந்தச் சங்கமே. சைவரும் கிறிஸ்தவருமான அந்த இளைஞர்கள் சாதி பாராமல் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள். அந்த நாளில் அதற்காக வீட்டுப் படலை சாத்தப்படலாம், கலியாணப் பேச்சு முறியலாம்.

வாங்குக்குப் பிறகு தேநீர்க்கடை. உள்ளே இருக்க இடமில்லை; தேத்தண்ணி வேறு பாத்திரத்தில்தான் வரும். சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற சங்கங்கள் இதற்காகப் பல வருடம் உழைத்தன. 1957-ல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், 21-ம் இலக்கம், நிறைவேறியது. கடை, பாடசாலை, வழிபாட்டிடம் எதிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. அமெரிக்காவில் லிற்றில் றொக் நகரத்தில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் இராணுவக் காவலோடு பாடசாலைக்குள் போனதும் அதே 1957-ல்தான். நமக்குப் பாடசாலை கட்டித் தந்தவர்களின் தேசத்திலும் நிலைமை அப்படியே இருந்தது.

சட்டம் வந்ததோடு முடியவில்லை. 1968-ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே விடும்படி சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எதிரே மறித்து நின்றவர்களில் முதல்வர் சி. சுந்தரலிங்கம்: ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர், கணிதப் பேராசிரியர், முன்னாள் மந்திரி. அந்தச் சட்டத்தின் கீழ் அவர்மேல் வந்த வழக்கு, இந்த லண்டன் மாநகரின் பிரிவி கவுன்சில் வரைக்கும் வந்தது. அந்தக் கோயில் வாசலின் கதை, நாம் தினமும் பஸ்ஸில் போய்வருகிற இதே நகரத்தில் விசாரிக்கப்பட்டது!

இங்கே வந்த பிறகு அது போய்விட்டது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பிரித்தானியப் பாராளுமன்றம் 2010-ம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்ப்பது பற்றிப் பேசியது. 2013-ல் அதைச் சேர்க்க வேண்டும் என்றே தீர்மானித்தது. 2018-ல் அரசாங்கம், தனிப் பிரிவு வேண்டாம், நீதிமன்றங்களே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டது. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில், "பெடியன் நல்லவன், வேலையும் இருக்கு, ஆனால் எந்தப் பகுதி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். வாய் திறக்காமல் நின்றுமிருக்கிறேன்.

நம் சபையின் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் நீங்கள் படித்த பாடசாலையில் யார் வாங்கில் இருந்தார்கள், யார் நிலத்தில் இருந்தார்கள் என்று நினைவிருந்தால், ஒரு ஞாயிறு தேநீர் வேளையில் என்னிடம் சொல்லுங்கள். நிலத்தில் இருந்தவர் நீங்களேயானால், முதலில் உங்களிடம்தான் கேட்க வேண்டும். கொப்பியும் பேனாவும் நான் கொண்டு வருகிறேன்.