யார் நியமிப்பது? யாரை நியமிப்பது?



நம்மவர் நினைவில் நடக்கிற கூட்டம் ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டுக் கலைய வேண்டும் என்று நினைப்பவன் நான். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது, இந்த நாட்டில் நீதிபதிகளை எப்படி நியமிப்பது என்று அரசியல் நிர்ணய சபையில் தொடங்கி நாடாளுமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் எழுபத்தைந்து ஆண்டுகளாக நடந்துவரும் விவாதத்தின் வரலாறு. அந்த விவாதத்தில் நாம் எங்கே இருந்தோம் என்பதே என் கேள்வி.

தாம்பரத்திலிருந்தே தொடங்குகிறேன். 2022இல் இந்த மாநகராட்சிக்கு முதல் மேயர் தேர்வானபோது அந்தப் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தாம்பரம் நீதிமன்றத்தில் உட்காரும் உரிமையியல் நீதிபதியைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு வைத்து எடுக்கிறது. அந்தத் தேர்விலும் அருந்ததியருக்கான 3 விழுக்காட்டையும் சேர்த்து நமக்கு 18 விழுக்காடு இடம் உண்டு. இங்கிருந்து மின்சார ரயிலேறி கோட்டை ஸ்டேஷனில் இறங்கி உயர் நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் அந்த விதி வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே நீதிபதியாக யார் வரவேண்டும் என்பதற்குத் தேர்வும் கிடையாது, ஒதுக்கீடும் கிடையாது. கீழே இருக்கிற விதி மேலே ஏன் இல்லாமல் போனது?

கீழே அது தானாக வந்துவிடவில்லை. இதே தென்பகுதியில் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்திலும் மத்திய சட்டமன்றத்திலும் நின்று நம் மக்களுக்கு அரசு வேலைகளில் பங்கு கேட்டார். நீதிக்கட்சிக் காலத்தில் பிறந்து 1927இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி அரசாணை 12 இடங்களில் ஒன்றை ஒடுக்கப்பட்டோருக்கு வைத்தது. பன்னிரண்டில் ஒன்று சொற்பம்தான். ஆனாலும் அது எழுத்தில் இருந்தது. மேலதிகாரியின் மனம் இரங்குவதை நம்பிக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த எழுத்து நீதிபதிப் பதவிக்கும் பொருந்தியது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த காலத்தில் சென்னை மாகாணத்தில் 83 மாவட்ட முன்சீஃப் இடங்கள் நிரப்பப்பட்டன. அவற்றில் 19 ஹரிஜனங்களுக்கு, 10 பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு, 32 பிராமணரல்லாத இந்துக்களுக்கு, 11 பிராமணர்களுக்கு, 6 கிறித்தவர்களுக்கு, 5 முஸ்லிம்களுக்கு என்று பிரித்திருந்தார்கள். இதை எதிர்த்து வெங்கடரமணா வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. செண்பகம் துரைராஜன் வழக்கில் தீர்ப்பு வந்த அதே 1951 ஏப்ரல் 9 அன்று இதற்கும் தீர்ப்பு வந்தது. செண்பகம் வழக்கை நாம் அடிக்கடி பேசுகிறோம், இதைப் பேசுவதில்லை. இந்தத் தீர்ப்பில் மற்ற வகுப்புகளுக்கான பிரிவினை செல்லாது என்றார்கள். ஹரிஜனங்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குமான ஒதுக்கீடு 16(4) பிரிவின்படி செல்லும் என்றார்கள். நீதிபதி நாற்காலிக்கு இடஒதுக்கீடு ஆகாது என்று இன்று பேசுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. முன்சீஃபும் நீதிபதிதான்.

இனி டெல்லிக்குப் போவோம். 1949 மே 24 அன்று அரசியல் நிர்ணய சபை உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் நியமனத்தை விவாதித்தது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற போக்கர் சாகிப், தலைமை நீதிபதியின் ஒப்புதல் இல்லாமல் யாரையும் நியமிக்கக் கூடாது என்று திருத்தம் கொடுத்தார். ஆளுங்கட்சி தன் ஆட்களை நுழைத்துவிடுமே என்ற நியாயமான பயம். மாநிலங்களவையின் ஆலோசனை வேண்டும் என்றார் கே.டி. ஷா. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு உறுதி செய்ய வேண்டும் என்றும் ஒரு யோசனை வந்தது.

அண்ணல் அம்பேத்கர் மூன்றையும் ஏற்கவில்லை. இங்கிலாந்தைப் போல அரசு தன்னிச்சையாக நியமிப்பதும் ஆபத்து, அமெரிக்காவைப் போல மன்றத்தின் ஒப்புதலுக்கு விடுவதும் அரசியல் நெருக்கடிக்கு இடம் கொடுக்கும் என்று கருதி நடுவழியாக 'கலந்தாலோசனை' என்ற ஏற்பாட்டை முன்வைத்தார். தலைமை நீதிபதியின் ஒப்புதல் பற்றி அவர் சொன்ன காரணம் முக்கியமானது. தலைமை நீதிபதி எவ்வளவு பெரியவரானாலும் நம்மைப் போன்ற மனிதர்தான். குறைகளும் விருப்பு வெறுப்புகளும் அவருக்கும் உண்டு. குடியரசுத் தலைவருக்கே கொடுக்கத் தயங்குகிற அதிகாரத்தை அவர் ஒருவருக்குக் கொடுக்க முடியாது என்றார். நீதிபதியின் அங்கிக்குள் சாதி உட்கார்ந்திருக்க முடியும் என்பதை அனுபவத்தில் அறிந்த ஒருவரின் எச்சரிக்கையாக நான் அதைப் படிக்கிறேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் தனித் தொகுதிகளும் அரசுப் பணிகளில் ஒதுக்கீடும் அரசியலமைப்பில் ஏறின. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் பற்றிய 124, 217 பிரிவுகளில் அப்படி ஒன்றும் ஏறவில்லை. அன்றைய சபை 'யார் நியமிப்பது' என்று பேசியது. 'யாரை நியமிப்பது' என்ற கேள்வி திறந்தே விடப்பட்டது.

அதன் விலை என்ன? 1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஏ. வரதராஜன் நீதிபதியாக வந்தது 1973இல். 1980 டிசம்பரில் அவரே உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். உச்ச நீதிமன்றம் தொடங்கி முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் நீதித்துறைப் பணியில் எப்படி நுழைந்தார் என்று பாருங்கள். மாவட்ட முன்சீஃபாக நுழைந்தார். கீழே திறந்திருந்த கதவு வழியாக வந்தவரால்தான் மேலே இருந்த பூட்டு திறந்தது. 'தகுதி போய்விடும்' என்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

இதற்கிடையே நியமன அதிகாரம் கை மாறியது. 1981இல் உச்ச நீதிமன்றம் அரசின் கருத்தே மேலோங்கும் என்றது. 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைப் புரட்டிப்போட்டு, கலந்தாலோசனை என்பதற்குக் கிட்டத்தட்ட ஒப்புதல் என்றே பொருள் கொடுத்தது. 'கொலீஜியம்' பிறந்தது. 1998இல் அது தலைமை நீதிபதியும் நான்கு மூத்த நீதிபதிகளும் கொண்ட குழுவாக விரிந்தது. 1949இல் அம்பேத்கர் ஏற்க மறுத்த ஏற்பாடு 44 ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பின் வழியாக வந்து சேர்ந்தது.

அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் கே.ஆர். நாராயணன். 1997இல் கே. ராமசாமி ஓய்வு பெற்ற பிறகு உச்ச நீதிமன்றத்தில் தலித் நீதிபதி ஒருவரும் இல்லை. பட்டியல் சாதி, பழங்குடியினரையும் பெண்களையும் உரிய முறையில் கருத வேண்டும், தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்று நாராயணன் கோப்பிலேயே எழுதினார். தகுதியே அளவுகோல் என்று தலைமை நீதிபதியிடமிருந்து பதில் வந்ததாக அன்றைய ஏடுகள் எழுதின. நாட்டின் முதல் குடிமகன் எழுதிய குறிப்புக்கே இதுதான் மரியாதை. 2000 ஜூனில் கே.ஜி. பாலகிருஷ்ணன் உச்ச நீதிமன்றம் சென்றார். 2007இல் தலைமை நீதிபதியானார். 2010 மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த தலித் நீதிபதியாக பி.ஆர். கவாய் உச்ச நீதிமன்றம் வந்தது 2019 மே 24 அன்று. ஒன்பது ஆண்டுகள் ஒருவரும் இல்லை.

அந்த ஒன்பது ஆண்டுகளின் நடுவில்தான் நாடாளுமன்றம் மீண்டும் இதை விவாதித்தது. 2014 ஆகஸ்ட் 13 அன்று மக்களவையும் மறுநாள் மாநிலங்களவையும் தேசிய நீதித்துறை நியமன ஆணையத்துக்கான மசோதாவை நிறைவேற்றின. மக்களவையில் ஆதரவு 367, எதிர்ப்பு இல்லை. மாநில உரிமையைக் காரணம் காட்டி அ.தி.மு.க. வாக்களிக்காமல் விலகி நின்றது. தாம்பரத்தை உள்ளடக்கிய திருப்பெரும்புதூரும், தென் சென்னையும் அன்று அக்கட்சியின் கையில் இருந்தன. ஆக, நம் பகுதியின் வாக்கு எந்தப் பக்கமும் விழவில்லை. ஆணையத்தின் ஆறு உறுப்பினர்களில் இருவர் சான்றோர். அவர்களில் ஒருவர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோரில் ஒருவராக இருக்க வேண்டும் என்றது சட்டம். இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. அதுவும் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். தேர்ந்தெடுக்கப்படுவோர் பற்றி ஒரு சொல் கிடையாது. 2015 அக்டோபர் 16 அன்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. நீதித்துறையின் சுதந்திரம் காப்பாற்றப்பட்டது என்றார்கள். அரசின் கை நீளாமல் இருப்பது நமக்கும் அவசியமே. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்குள் நாம் எத்தனை பேர்?

2023 ஜூலையில் சட்ட அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது: 2018 முதல் உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்டவர்கள் 604 பேர். பொதுப் பிரிவு 458, பிற்படுத்தப்பட்டோர் 72, சிறுபான்மையினர் 34, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 9, விவரம் இல்லாதவர்கள் 13. நூற்றுக்கு மூன்று பேர் நாம். அரசு நியமித்த காலத்திலும் இப்படித்தான், நீதிபதிகளே நியமிக்கும் காலத்திலும் இப்படித்தான். அதிகாரம் யார் கைக்குப் போனாலும் நம் கணக்கு மாறவில்லை என்பதே இந்த வரலாறு நமக்குச் சொல்லும் பாடம்.

ஆகவே கொலீஜியமா, ஆணையமா என்ற சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்து கோஷம் போடுவது நம் வேலை ஆகாது. எந்த ஏற்பாடானாலும் மூன்றை எழுத்தில் கேட்போம். ஒன்று, பரிசீலிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எந்தச் சமூகத்தினர் என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். 2025இல் உச்ச நீதிமன்றமே தன் இணையதளத்தில் இப்படியொரு விவரத்தை வெளியிட்டது, முடியாது என்று இனிச் சொல்ல முடியாது. இரண்டு, முன்சீஃபாக நுழையும் நம் பிள்ளைகள் ஐம்பத்தெட்டு வயதில் உயர் நீதிமன்றம் போய் 62இல் ஓய்வு பெறுவதாக இருந்தால் உச்ச நீதிமன்றத்தை எட்டவே முடியாது. உரிய வயதில் பதவி உயர்வு வேண்டும். மூன்று, 124, 217 பிரிவுகளைத் திருத்திச் சமூகப் பிரதிநிதித்துவத்தைச் சட்டமாக்க வேண்டும். மாநிலங்களவையில் பி. வில்சன் இதற்காகத் தனிநபர் மசோதாவே கொண்டுவந்திருக்கிறார். அதை ஆதரிக்கிறீர்களா என்று தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.

ஜெய்பீம்.