யாழினியின் ழகரம்

சென்ற பள்ளி விடுமுறை தொடங்குவதற்குச் சில நாள் முன்னர், எங்கள் பள்ளியில் முன்பு பயின்ற இளைஞர் ஒருவர், தம் மனைவியுடனும் பிறந்து பதினெட்டு நாளேயான பெண்மகவுடனும் என் வீடு தேடி வந்தார். குழந்தைக்கு யாழினி என்று பெயரிடுவதில் இருவருக்கும் உடன்பாடே. பூசல் அதனை உரோமன் எழுத்தில் எழுதும் முறை பற்றியது. ழகரத்திற்கு 'இசட், எச்' இட வேண்டும் என்கிறார் தந்தை. 'எல்' ஒன்றே போதும் என்கிறார் தாய்.

"ழகரம் இல்லாட்டி அது யாழினியே இல்ல சார்" என்றார் அவர்.

"மருந்தகத்துல நர்சு 'யாஸினி'ன்னு கூப்பிடுவாங்க சார். புள்ள திரும்பிக்கூடப் பார்க்காது" என்றார் அவர் மனைவி.

இவ்விருவர்க்கும் இடையே இளைஞரின் தாயார் வேறு, எண் கணிதம் பார்ப்பவர் ஒருவரைக் கேட்டு, 'ஏ' என்னும் எழுத்தை இரண்டாக எழுதினால் கூட்டுத்தொகை நன்றாக வரும் என்று சொல்லியனுப்பியிருந்தார். தமிழ்ப் பெயர் ஒன்றின் நன்மை தீமைகளை உரோமன் எழுத்துக்களைக் கூட்டிக் காணும் கலை எந்நூலில் உள்ளதென்று யானறியேன். ஆதலின் அதனை அவ்வளவில் விடுகின்றேன். ஆனால் கணவன் மனைவி வழக்கு அத்தகையதன்று. இருவர் பக்கமும் வரலாறு உண்டு.

முதற்கண் பெயரையே நோக்குவோம். யாழினி பழம்பெயரன்று, இருபதாம் நூற்றாண்டில் பரவியது. எனினும் இலக்கணத்திற்கு முழுதும் இசைந்தது. யகரம் ஆகாரத்தோடு கூடியன்றிச் சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் கொள்கை. அந்த ஒரு வாயில் வழியாகவே இப்பெயர் நுழைகின்றது. இவ்வகையில் நோக்கின், சரவணன், சண்முகம் என்று நாம் நாள்தோறும் அழைக்கும் பெயர்கள்கூடத் தொல்காப்பியர் முன் நிற்க மாட்டா; சகரம் அகரத்தோடு மொழி முதலாதலை அவர் உடன்படவில்லை.

பிறமொழிப் பெயரைத் தமிழில் எழுதும்போது அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்பது தொல்காப்பிய எச்சவியல் காட்டும் நெறி. நன்னூலார் ரகர லகரங்களுக்கு முன் உயிரெழுத்தை இட்டு எழுதுமாறு விதித்தார். அதனால் இராமன், இலக்குமணன், அரங்கன் என்று எழுதினோம். கம்பர் இலக்குவன், வீடணன் என்றே பாடினார். சீறாப்புராணம் செய்த புலவரின் பெயர் உமறு எனத் தமிழ் ஒலி பெற்று நிற்கிறது. கிறித்தவர்கள் சூசை, இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் எனப் பெயர்களைத் தமிழாக்கிக் கொண்டனர். வந்த பெயர் தமிழ் உடுத்திக்கொள்வதே அன்றைய வழக்கம். அதனால் எந்தச் சமயத்தாரும் தம் பெயர் சிதைந்ததென்று வருந்தியதாகத் தெரியவில்லை.

இற்றை நாள் பெற்றோர்கள் பலர் இதற்கு நேர்மாறாக ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துக்களுள் ஒன்றேனும் இல்லாவிடில் பெயர் பெயராகாது என எண்ணுகின்றனர். இவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. மறைமலையடிகள் 1916ஆம் ஆண்டில் வேதாசலம் என்னும் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. அவ்வழியில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். ஆனால் அதே இயக்கத்தின் முன்னணித் தலைவரான கலைஞர் மு. கருணாநிதி, 1953ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிறந்த தம் மகனுக்கு, அத்திங்களிலேயே மறைந்த சோவியத்துத் தலைவரின் பெயரைச் சூட்டினார். மெய்யெழுத்து, அதுவும் கிரந்த மெய், முதலாக வரும் பெயர் அது. நன்னூலை எடுத்துக் காட்டி எவரும் அதனைத் தடுக்கவில்லை. பற்று ஒரு பக்கம் இழுக்க, இலக்கணம் மறுபக்கம் நிற்பது பெயர்களில் புதிதன்று.

இவையெல்லாம் தமிழெழுத்துக்குள் நிகழ்ந்தவை. நம் இளைஞர் வழக்கோ எழுத்து மாற்றம் பற்றியது. அதன் வரலாறு நாம் எண்ணுவதினும் பழையது. தமிழ் மொழி அச்சேறிய முதல் நூலே தமிழெழுத்தில் இல்லை. 1554ஆம் ஆண்டில் இலிசுபன் நகரில் வெளிவந்த அந்தச் சமயக் கையேட்டில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. தமிழெழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில்தான் வந்தது. ஆகவே தமிழை உரோமன் எழுத்தில் எவ்வாறு எழுதுவது என்னும் இடர்ப்பாடு நானூற்று எழுபது ஆண்டு மூத்தது.

அவ்விடர்ப்பாட்டில் மிகுதியும் அலைக்கழிந்தது ழகரமே. சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் 'கோரமாண்டல்' ஆயிற்று. ழகரம் அங்கு ரகரம். பழவேற்காடு 'புலிகாட்' ஆயிற்று, ஈண்டு லகரம். யாழ்ப்பாணம் 'ஜாஃப்னா' ஆனபோது ழகரம் இருந்த இடமே தெரியவில்லை. நம் குழந்தையின் பெயரும் அந்நகரின் பெயரும் யாழ் என்னும் ஒரே சொல்லில் பிறந்தவை என்பதை நான் சொன்னபோது, அத்தாய் சற்றே வியப்போடு குழந்தையைப் பார்த்தார். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது, அடியில் கோடிட்ட 'எல்' எழுத்தால் ழகரத்தைக் குறித்தது. அறிஞர்க்கு அது தகும். பதிவுச் சாளரத்தில் அடிக்கோட்டுக்கு இடமில்லை. 'இசட், எச்' என்னும் இரட்டை, கேரளத்துக் கோழிக்கோடு, ஆலப்புழை போன்ற ஊர்ப்பெயர்களில் வேரூன்றியது. பின்னர் தமிழன்பர்களும் அதனை விரும்பி மேற்கொண்டனர். மொழியின் பெயரோ ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'எல்' கொண்டே எழுதப்படுகிறது. தாய் இதனைச் சுட்டிக் காட்டியிருந்தால் தந்தை என் செய்திருப்பார்!

இனி மலாயாவுக்கு வருவோம். ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதனோடு ஒருங்கே நடந்துவந்த கங்காணி முறை அதன் பின்னரும் நீடித்தது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும்வரை நம் முன்னோர் அம்முறையில் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தனர். வந்தவர் பெயரைப் பேரேட்டில் பதிந்தவர் தோட்டத்துக் கிராணி. அவர் யாழ்ப்பாணத்தவராகவோ மலையாளியாகவோ இருப்பது பெரும்பான்மை. பெயரைச் சொன்னவர் எழுதப் படிக்க அறியாதவர். சொன்னது ஒரு நாவு. கேட்டது வேறொரு செவி. எழுதியது மூன்றாவதொரு மொழியின் எழுத்து. இலட்சுமி என்னும் பெயர் 'எல், இ, டி, சி, எச்' என்று தொடங்கி எழுதப்பட்டது இவ்வாறுதான்.

இதனைக் கிராணியின் அறியாமை என்று நகைப்பவர் உளர். இளமையில் நானும் நகைத்தவனே. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மொழியியல் ஓரளவு கற்ற பின்னர் அந்நகைப்பு அடங்கிற்று. பேச்சுத் தமிழில், வடமொழியிலிருந்து வந்த ககர, ஜகர மெல்லொலிகளுக்கும் ரகர லகரங்களுக்கும் பின் வரும் அகரம் எகரமாகத் திரிவது வழக்கம். கங்கை 'கெங்கை' ஆகும், ரங்கன் 'ரெங்கன்' ஆவான், ஜகநாதன் 'ஜெகநாதன்', இரத்தம் 'ரெத்தம்'. அவ்வாறே லட்சுமி 'லெச்சுமி' ஆனாள். கிராணி அப்பெண் வாய்விட்டுச் சொன்னதை உள்ளபடி கேட்டு எழுதியிருக்கிறார். ஏட்டுத் தமிழில் நாம் மறைத்துவிட்ட பேச்சொலியை அந்தப் பிழையெழுத்துத் தான் காத்து வைத்திருக்கிறது. மலேசியத் தமிழர் பெயர்ப் பட்டியல் எதையேனும் எடுத்துப் பார்த்தால் எங்கள் பாட்டிமாரின் குரல் அதில் கேட்கும்.

ஆயின் குரல் வேறு, பத்திரம் வேறு. 1948ஆம் ஆண்டில், அவசரகாலத்தின்போது, அடையாளக் கார்டு வந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைக்குப் பிறப்புப் பத்திரம் இன்றியமையாததாயிற்று. சிங்கப்பூரில் அக்காலத்தே கோ. சாரங்கபாணியார் தமிழர்களைக் குடியுரிமைக்குப் பதியுமாறு முனைந்து தூண்டினார். இங்கே 1968ஆம் ஆண்டுத் தொழில் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது, பல்லாயிரவர் கப்பலேறினர். அத்தகைய நாளில் தந்தை பெயர் ஒரு தாளில் ஓரெழுத்தோடும் மறு தாளில் ஈரெழுத்தோடும் இருப்பது சிறிய செய்தியாகுமா?

எனக்கே அது நேர்ந்தது. என் பிறப்புப் பத்திரத்தில் உள்ள என் தந்தையார் பெயருக்கும் அவருடைய அடையாளக் கார்டில் உள்ள பெயருக்கும் ஓரெழுத்து வேறுபாடு. இரண்டும் ஒருவரே என்று மெய்ப்பிக்க, பயிற்சிக் கல்லூரியில் சேரும் வேளையில், ஓர் அலுவலகத்திற்கு நான்கு முறை அலைந்தேன். ரப்பர்ப் பால் மணம் மாறாத சட்டையோடு என் தந்தையார் ஆணையர் முன் நின்று, தாம் தாமே என்று சத்தியம் செய்தார். திரும்பி வரும்போது பேருந்தில் அவர் ஒன்றும் பேசவில்லை.

ஆசிரியர்க்கு மற்றுமொரு தொல்லை உண்டு. முதலாமாண்டு மாணவர் பட்டியல் உரோமன் எழுத்தில் வருகிறது. அதனை நாம் தமிழாக்க வேண்டும். அவ்வெழுத்தில் நெடில் குறில் இல்லை. ல ள ழ வேறுபாடில்லை. ர ற இல்லை. மூன்று னகரமும் ஒன்றே. வள்ளி 'வல்லி' ஆகிறாள். மதன் 'மாதன்' ஆகிறான். பிள்ளை தன் பெயரைத் தானே பிழையாக எழுதப் பழகிவிட்டபின், பெற்றோர் வந்து திருத்தும்போது ஆண்டின் பாதி கழிந்திருக்கும். நான் முதல் வாரத்திலேயே தாய்மாரை அழைத்துப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுவது இதனாற்றான். இளைய ஆசிரியர்கள் இதனை மேற்கொள்வார்களாயின் நலம்.

தமிழெழுத்தின் உருவமும் மாறியதே என்று சிலர் வினவக்கூடும். உண்மை. அண்ணாமலை என்னும் பெயரில் 'ணா', 'லை' இரண்டுமே பழைய வடிவம் நீங்கியவை. பெரியார் 1935இல் 'குடி அரசு' ஏட்டில் கையாண்ட அச்சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ஆனால் எந்த அண்ணாமலையும் வேறொருவன் ஆகிவிடவில்லை. ஒலி மாறாமையே காரணம். ஒலியைக் காக்கவேண்டி உரோமன் எழுத்தை மாற்றப் புகுந்தால் என்னாகும் என்பதையும் அண்மையில் கண்டோம். 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் வந்த புதிய எழுத்துக்களைப் படிக்க அவ்வூராரே இடர்ப்பட்டனர். சில நாளிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இவ்வளவையும் அவ்விருவரிடம் கூறி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. என் கருத்தை வற்புறுத்திக் கேட்டனர். 'இசட், எச்' இடுவதே தகும் என்றேன். ழகரம் இருந்தது என்னும் அடையாளமேனும் அத்தாளில் எஞ்சும். 'ஏ' மட்டும் ஒன்றே இருக்கட்டும் என்றேன். எழுத்து மிகுந்தால் படிவம் நிரப்புவோர் கை தவறுவதும் மிகும். தாய் உடனே இணங்கவில்லை. அவர் தாத்தாவும் 1969ஆம் ஆண்டில் ஊருக்கு அனுப்பப்பட்டவர் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இரு வாரம் கழித்துப் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினர். ஒற்றை 'ஏ', 'இசட், எச்'. தாய் விட்டுக்கொடுத்திருந்தார். ஆனால் சாளரத்தில் ஒரு நிபந்தனை வைத்தாராம். குழந்தையின் பெயரை எவ்வாறாயினும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, தந்தை பெயர் இருக்கும் வரியில் அவருடைய அடையாளக் கார்டைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்து மூன்று முறை ஒத்துப் பார்த்த பின்னரே கையெழுத்திட விட்டாராம்.