ரோடோப்பி மலைநாடு

ரோடோப்பி, பால்கன் தீபகற்பத்தின் தென்கிழக்கில் பல்கேரியாவும் கிரேக்கமும் பங்கிட்டுக்கொண்ட மலைத்தொடர். பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு பல்கேரியாவில் இருக்கிறது. மிச்சம் எல்லைக்கு அந்தப் பக்கம். மிக உயர்ந்த சிகரமான கோலியாம் பெரெலிக் 2191 மீட்டர்தான். அக்கம்பக்கத்து ரிலா, பிரின் மலைகள் 2900 மீட்டரைத் தாண்டிவிடுவதால், உயரத்தை நம்பி வருபவருக்கு ரோடோப்பியில் வேலை இல்லை. போதாக்குறைக்குப் பெரெலிக்கின் உச்சியில் ராணுவ நிலையம் இருப்பதால், அங்கே ஏறி நின்று பார்க்கவும் முடியாது. உருண்ட முகடுகள், அகன்ற புல்வெளிகள், ஊசியிலைக் காடுகள், அவற்றுக்கு நடுவே ஆயிரம் மீட்டருக்கு மேலும் குடியிருப்புகள் என்று மனிதர் வாழ்ந்து பழகிய மலை இது. அவர்களை அங்கே நிறுத்தி வைத்தது ஆடு. இந்த மலைநாட்டின் இசை, விழா, சமையல், நடைபாதை ஆகியவற்றில் பெரும்பாலானவை மந்தையின் பின்னால் வந்து சேர்ந்தவை.

புவியியலார் இதை மேற்கு, கிழக்கு என இரண்டாகப் பிரிப்பார்கள். மேற்கு ரோடோப்பி உயரமானது, குளிர்ச்சியானது, காடு அடர்ந்தது. குகைகளும் பள்ளத்தாக்குகளும் இங்கேதான் அதிகம். கிழக்கு ரோடோப்பி தாழ்ந்து, வறண்டு, வெயில் ஏறிய குன்றுகளாக விரிகிறது. பயணிகளில் பெரும்பாலோர் மேற்கோடு திரும்பிவிடுகிறார்கள். கிழக்கைப் பார்க்காமல் போவது நட்டம்தான்.

பழங்காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் திரேசியர்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதும்போது, பனியும் காடும் சூழ்ந்த உயரமான மலைகளில் வாழும் சாத்ரே என்ற திரேசிய இனத்தார் யாருக்கும் அடிபணிந்ததில்லை என்கிறார். அவர்களுடைய மலையுச்சியில் டயோனிசஸ் தெய்வத்தின் குறிசொல்லும் கோயில் இருந்தது. கோயில் பணி பெஸ்ஸி என்ற குடியினரிடம் இருந்தது. குறி சொன்னவள் ஒரு பெண் பூசாரி. ரோமானியர் காலத்தில் இந்தக் கோயில் நிலத்தைப் பெஸ்ஸிகளிடமிருந்து பிடுங்கி வேறொரு திரேசியக் குடிக்குக் கொடுத்த பிறகு, கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் வோலோகேசஸ் என்ற பூசாரியே படை திரட்டிக் கலகம் செய்தார்.

அந்தக் கோயில் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. கர்ஜாலி நகருக்கு அருகே உள்ள பெர்பெரிக்கோன் குன்றைக் காட்டுகிறார் தொல்லியலாளர் நிகோலாய் ஒவ்சாரவ். 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே அகழாய்வு செய்துவருபவர் அவர். பாறையையே குடைந்து அமைத்த தெருக்கள், படிக்கட்டுகள், மண்டபங்கள், நெருப்பு எரிந்த தடம் உள்ள வட்டமான பலிபீடம் எல்லாம் கிடைத்திருக்கின்றன. இதுதான் அந்தக் கோயில் என்பதை ஒப்புக்கொள்ளாத அறிஞர்களும் உண்டு. ஆனாலும் வெண்கலக் காலத்திலிருந்து இடைக்காலம் வரை மக்கள் கைவிடாமல் வைத்திருந்த இந்தப் பாறைநகரைவிட அந்தக் கோயிலுக்குப் பொருத்தமான இடம் மலையில் இதுவரை அகப்படவில்லை என்பது அவர் தரப்பு வாதம்.

யாழிசையால் மரங்களையும் விலங்குகளையும் மயக்கிய ஓர்பியஸைக் கிரேக்கர்களே திரேசியன் என்றுதான் சொன்னார்கள். ஆகவே ரோடோப்பி மக்கள் அவனை உள்ளூர்க்காரனாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. இறந்துபோன மனைவி யூரிடிசேயைத் தேடி அவன் பாதாளத்துக்கு இறங்கிய வழி, டிரிக்ராட் பள்ளத்தாக்கில் உள்ள ‘சாத்தானின் தொண்டை’ என்ற குகைதான் என்கிறார்கள். குகையைப் பார்த்தவர்கள் அந்தக் கதையோடு வாதாடமாட்டார்கள். டிரிக்ராட் ஆறு அப்படியே குகைவாய்க்குள் புகுந்து 42 மீட்டர் ஆழத்துக்கு விழுகிறது. இருட்டில் அருவி கண்ணுக்குத் தெரியாது, காதைத்தான் அடைக்கும். அந்தக் கூடத்துக்கு ‘இரைச்சல் கூடம்’ என்றே பெயர். உள்ளே போக மலையைக் குடைந்த சுரங்க வழி, வெளியே வர 300க்கும் மேற்பட்ட செங்குத்துப் படிகள். இங்குள்ள பாறை இடுக்குகளில் வளரும் ஹாபர்லியா என்ற செடிக்கும் ஓர்பியஸ் பூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காய்ந்து சருகாகக் கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் மீண்டும் பச்சை பிடிக்கும் தாவரம் அது.

ரோடோப்பியின் ஆண்டுக் கணக்கு ஆட்டுக்காரரின் கணக்கு. மே 6ஆம் தேதி புனித ஜார்ஜ் நாளில் மந்தைகள் மேட்டு நிலத்துக்கு ஏறும். அக்டோபர் 26, புனித திமித்ரி நாளில் கீழே இறங்கும். ஜார்ஜ் நாளில் முழு ஆட்டுக்குட்டியைக் கம்பியில் கோத்து மணிக்கணக்கில் தணலில் திருப்பிச் சுடுவார்கள். செவெர்மே எனப்படும் அது இன்றும் எந்த விழாவிலும் தவறாத விருந்து. அதே வசந்த நாளை முஸ்லிம்கள் ஹெதரெலெஸ் என்று கொண்டாடுகிறார்கள். கிறித்தவர்களோடு, பல்கேரிய மொழி பேசும் முஸ்லிம்களான பொமாக்குகளும் துருக்கியரும் இம்மலையின் மக்கள். கிரேக்க மொழி பேசும் கராகாச்சான் ஆட்டிடையர்களோ வீடென்று ஒன்றை நிலைநாட்டாமல், கோடையில் மலையிலும் குளிர்காலத்தில் ஏஜியன் கடற்கரைச் சமவெளியிலுமாக வாழ்ந்தவர்கள். எல்லைக்கோடுகள்தான் இந்த ஓட்டத்தை முறித்தன. 1919இல் பல்கேரியா ஏஜியன் கரையை இழந்தது. கம்யூனிச ஆட்சியில் மந்தைகளும் பொதுவுடைமையாயின. கராகாச்சான் காவல் நாய்கள் மட்டும் இன்றும் ஓநாய்களிடமிருந்து மந்தைகளைக் காக்கின்றன.

ரோஜென் விழாவும் ஓர் எல்லைக்கோட்டில் பிறந்ததுதான். 1878 பெர்லின் மாநாடு மலைநாட்டின் குறுக்கே கோடு கிழித்தது. ஸ்மோலியான் நகரப் பக்கம் 1912 வரை ஒட்டோமான் ஆட்சியிலேயே கிடந்தது. பிரிந்துபோன உறவுகள் கோடையில் ரோஜென் கணவாயின் புல்வெளியில் வந்து கூடினார்கள். 1898இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் அந்தக் கூடுகைதான் இன்று ஜூலையில் நடக்கும் தேசிய நாட்டார் விழா. புல்வெளி நெடுகக் கூடாரங்கள், செவெர்மே புகை, வட்டமாகக் கைகோத்து ஆடும் ஹோரோ நடனம், மாவட்டத்துக்கொரு மேடை. 2023இல் 111 மீட்டர் உயரக் கொடிக்கம்பம் ஒன்றையும் அங்கே நட்டுவைத்தார்கள். மலையே உயரமாக இருக்கும்போது கம்பம் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். சற்று மேலே, 1750 மீட்டரில், 1981இல் திறந்த தேசிய வானாய்வகத்தில் இரண்டு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. இரைச்சல் பிடிக்காதவர்கள் அந்தப் பக்கம் நடக்கலாம்.

ரோஜெனின் உயிர் காபா கைடா. ஆட்டுத்தோலைப் பையாகத் தைத்து, அதில் ஊதுகுழல், விரல்வைத்து வாசிக்கும் குழல், ஒரே சுருதியை இடைவிடாமல் பிடித்திருக்கும் நீண்ட குழல் ஆகிய மூன்றையும் பொருத்தினால் கைடா. நாகசுரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் ஒத்து ஊதுவாரே, அந்த வேலையை இங்கே அந்த நீண்ட குழல் செய்கிறது. பல்கேரியாவின் மற்றப் பகுதிகளில் கைடா கீச்சென்று உயர்ந்த குரலில் பாடும். ரோடோப்பியின் காபா கைடாவோ பெரிய பை, கனத்த குரல். வாசிக்கும் குழல் அறுகோணமாகச் செதுக்கப்பட்டு நுனியில் வளைந்திருக்கும். கலைஞர் மூச்செடுக்கும்போதும் தோள்கைக்குள் அமுங்கும் பை காற்றைத் தந்துகொண்டே இருப்பதால் இசை அறாது. 1961 ரோஜென் விழாவையொட்டி நூறு கைடாக்கள் ஒன்றாக வாசிக்கும் குழு உருவானது. 2012இல் 333 பேர் சேர்ந்து வாசித்துக் கின்னஸ் பதிவும் பெற்றார்கள்.

இந்தக் கருவியின் இசை விண்மீன்களுக்கு இடையிலான வெளியையும் எட்டிவிட்டது. 1977இல் நாசா ஏவிய வாயேஜர் விண்கலங்களின் தங்கத்தட்டில், ஹைதுத்தின் டெல்யு என்ற போராளியைப் பற்றிய ரோடோப்பிப் பாட்டு இருக்கிறது. பாடியவர் வால்யா பால்கன்ஸ்கா. உடன் இரண்டு கைடாக்கள். பாக், பேத்தோவனோடு ஒரே தட்டில் போன மலைப்பாட்டு அது.

இம்மலையில் மந்தை மணிகளுக்கும் இசை உண்டு. ஒரு மந்தையின் மணிகள் ஒன்றோடொன்று சுருதி சேர்ந்திருக்க வேண்டும் என்பது பழைய இடையர்களின் பெருமை. மார்ச் தொடக்கத்தில் ஷிரோகா லாகா ஊரில் ரோமத்தோல் போர்த்து, முகமூடி அணிந்து, இடுப்பு நிறைய மணிகளோடு குதித்துவரும் குக்கெரிகள் குளிர்காலத்தையும் தீய ஆவிகளையும் விரட்டுகிறார்கள். கல்லும் மரமுமாக அடுக்கிய பழைய வீடுகளுக்குப் பெயர்போன இவ்வூரில் நாட்டார் இசைப்பள்ளியும் உண்டு.

மற்ற விழாக்களில் குறிப்பிடத்தக்கது செப்டம்பர் 13 இரவு. சிலுவைத் திருநாளுக்கு முந்தைய அந்த இரவை ஆயிரக்கணக்கானோர் கிரஸ்தோவா கோரா மலையில் திறந்தவெளியில் கழிப்பார்கள். ரிப்னோவோ கிராமத்துப் பொமாக்குக் குடும்பங்களில் திருமணம் குளிர்காலத்தில். மணப்பெண்ணின் முகம் முழுக்க வெள்ளைப் பூச்சுப் பூசி, வண்ண ஜிகினாத் துண்டுகளை ஒட்டுவார்கள். அவள் கண்மூடியே நிற்பாள். மோம்சிலோவ்த்சி ஊரின் தயிர்த் திருவிழாவுக்குச் சீனப் பயணிகள் வருவதற்குக் காரணம், சீன நிறுவனம் ஒன்று இவ்வூர்ப் பெயரிலேயே தயிர் விற்பது.

நடக்க வருபவர்கள் ஸ்மோலியானில் தங்குவது நல்லது. அங்கிருந்து போகும் ‘அருவிப் பள்ளத்தாக்கு’ப் பாதை காப்புக்காட்டின் நடுவே 46 அருவிகளைத் தொட்டுச் செல்கிறது, அவற்றுள் உயரமானது 68 மீட்டர், அதற்கும் ஓர்பியஸ் பெயர்தான். பனி உருகும் வசந்தத்தில் போக வேண்டும்; ஆகஸ்டில் பல அருவிகள் நூலாக இளைத்துவிடும். ‘அதிசயப் பாலங்கள்’ என்பவை பளிங்குக் குகையின் கூரை இடிந்து, இடியாமல் மிஞ்சிய இயற்கை வளைவுகள்; பெரியது 96 மீட்டர் நீளம். யாகோடினா அருகே 1563 மீட்டர் முகட்டில் பள்ளத்தாக்கின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ‘கழுகின் கண்’ என்ற இரும்பு மேடையிலிருந்து கீழே 670 மீட்டர் வெறுவெளி. தலைசுற்றுபவர்கள் மேலே ஏற்றிவந்த ஜீப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

வடக்கு வாயிலில் பாச்கோவோ மடம். பைசாந்தியத் தளபதி கிரிகோரி பாகுரியானி 1083இல் ஜார்ஜியத் துறவிகளுக்காக நிறுவியது. தெற்கே அர்தினோ பக்கத்தில் அர்தா ஆற்றின்மேல் 16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான்கள் கட்டிய ‘சாத்தான் பாலம்’ 56 மீட்டர் நீளத்தில் மூன்று வளைவுகளோடு இன்றும் உறுதியாக நிற்கிறது. கிழக்கே, அவிந்துபோன எரிமலைப் பாறைகளுக்கு நடுவே அர்தா வளைந்து ஓடும் மாஜரோவோவில் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. செத்த கால்நடைதான் அவற்றின் இரை. மந்தை குறைந்தபோது அவையும் குறைந்தன. இப்போது பாதுகாவலர்கள் இறைச்சி போட்டுக் காப்பாற்றுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டு இங்கே மென்மையாக நடந்துகொள்ளவில்லை. 1970களின் தொடக்கத்தில் பொமாக்குகளின் பெயர்களையும், 1984–85இல் துருக்கியரின் பெயர்களையும் அரசு வற்புறுத்தி மாற்றியது. 1989இல் பல்கேரியாவிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் துருக்கிக்குப் போனார்கள், பலர் பின்னர் திரும்பினார்கள். இன்று இளைஞர்கள் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட, பல ஊர்களில் முதியவர்களே மிஞ்சியிருக்கிறார்கள். பாம்போரோவோவின் பனிச்சறுக்கும் கோடைப் பயணிகளும் ஓரளவு வருமானம் தருகின்றன.

மலைக்கு வருபவர்கள் வழக்கமாகப் பிளோவ்திவிலிருந்து பேருந்து பிடிப்பார்கள். நேரம் இருப்பவர்கள் செப்தெம்விரியிலிருந்து தோப்ரினிஷ்தே வரை 125 கிலோமீட்டர் போகும் குறும்பாதை ரயிலில் ஏறலாம். ரோடோப்பியின் மேற்கு விளிம்பில் சுரங்கங்களும் சுழல்வளைவுகளுமாக ஏறி, 1267 மீட்டரில் அவ்ராமோவோ நிலையத்தைத் தொட்டு மறுபுறம் இறங்கும் அந்த வண்டி முழுத் தூரத்தையும் கடக்கச் சுமார் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.