ஆய்வுக்கூடத்தில் பிறந்த அச்சம்: மேரி ஷெல்லியின் 'பிராங்கென்ஸ்டைன்'

ஆங்கிலக் கோதிக் புதினத்தின் தொடக்கமாகக் கருதப்படுவது, ஹொரேஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட 'ஒட்ரான்டோ கோட்டை' ஆகும். அதில் அழிவுக்கு வித்திடுவது, ஆட்சியுரிமையைத் தன் வழியினர்க்கே நிலைநிறுத்த முயலும் ஒருவனது பேராசை. 1818-இல் ஆசிரியர் பெயரின்றி இலண்டனில் வெளிவந்த மேரி ஷெல்லியின் 'பிராங்கென்ஸ்டைன்', அப்பேராசையைக் கோட்டையிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு இடம் மாற்றியது.

இம்மாற்றத்திற்குக் காலச்சூழலும் துணைநின்றது. இறந்த தவளையின் கால்கள் மின்விசையால் துடித்ததை விளக்கிக் கால்வானி 1791-இல் எழுதினார். அவர்தம் உறவினரான அல்தினி 1803-இல் இலண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்விசையைச் செலுத்திக் காட்டினார். கொலைக்குற்றவாளிகளின் உடல்களை உடற்கூற்று ஆய்வுக்கு அளிக்க அந்நாட்டுச் சட்டம் அன்று இடமளித்தது.

எனினும், அறிவுத்தேடலே தீது என்பது இப்புதினத்தின் முடிபன்று என்பது நம் கருத்து. விக்டர் பிறரறியாது தனித்து உழைக்கிறான். தான் படைத்த உயிர் கண்விழித்ததும், அதற்குப் பெயர்கூட இடாது அஞ்சி ஓடுகிறான். அப்புறக்கணிப்பே அவ்வுயிரைக் கொலைக்குத் தூண்டுகிறது. வடதுருவம் நாடிய வால்டனோ, தன் மாலுமிகளின் வேண்டுகோளுக்கு இணங்கிக் கப்பலைத் திருப்புகிறான். இருவரிடத்தும் வேட்கை ஒன்றே; பிறர்க்குக் கடமைப்பட்டவன் என்னும் உணர்வே இருவரையும் வேறுபடுத்துகிறது.

1831-ஆம் ஆண்டுத் திருத்தப்பதிப்பில் ஷெல்லி ஊழின் பங்கை மிகுத்தார். முதற்பதிப்பில் விக்டரின் தெரிவே மேலோங்கி நிற்கிறது. ஆகவே, இப்புதினத்தை 'அறிவு மிகின் அழிவு' என வகுப்பறையில் சுருக்கிவிடுமுன், எப்பதிப்பைக் கற்பிக்கிறோம் என்பதை நாம் தெளிதல் வேண்டும். ஊழின்மேல் பழியேற்றினால், விக்டர் பொறுப்பினின்று தப்பிவிடுவான்.