மலைவழி அவசர மருத்துவம்: சேலம், நாமக்கல் பகுதி

மருத்துவமனையை உடனே அடைய முடியாத காடு, மலை போன்ற இடங்களில் அளிக்கப்படும் சிகிச்சை வனப்பகுதி மருத்துவம் எனப்படுகிறது. இது மருத்துவத்தின் தனித் துறையாக வளர்ந்தது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவில் இத்துறைக்கான மருத்துவர் சங்கம் 1983-இல் உருவானது. இந்தியாவில் அவசர மருத்துவம் தனி மேற்படிப்பாக 2009-இல் ஏற்கப்பட்டது. ஆனால் இதற்கான தேவை சேலம், நாமக்கல் சமவெளியைச் சூழ்ந்த மலைகளில் நெடுங்காலமாகவே இருந்து வந்துள்ளது.

நிலமும் தொலைவும்

சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை ஆகியவை இச்சமவெளியை ஒட்டி எழுகின்றன. கொல்லிமலைக்குச் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையின் உட்பகுதிச் சிற்றூர்களில் சாலை இல்லாத காலத்தில், நோயாளியைப் போர்வையில் தொட்டில் கட்டி, மூங்கில் கழியில் தோள்மாற்றித் தூக்கி வந்தனர். மருத்துவமனைகளோ சமவெளியில் வளர்ந்தன. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி 1986-இலும், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இலும் தொடங்கப்பட்டன.

சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. இன்று தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர் 1993-இல் இங்கு ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அவர்கள் உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே செவிலியர், சுகாதாரப் பணியாளர் பயிற்சி அளித்தனர். நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேரும்வரை காத்திராமல், பயிற்சி பெற்றவர் நோயாளியின் ஊரிலேயே இருக்கும் முறை இதனால் உருவானது.

108 சேவை

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஊர்தியில் ஓட்டுநருடன் அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் செல்வதால், சிகிச்சை வழியிலேயே தொடங்குகிறது. நகரத்தில் சில நிமிடங்களில் முடியும் பயணம் மலைப்பாதையில் மணிக்கணக்காக நீளலாம். அந்நேரம் முழுவதும் நோயாளியின் உயிர் அந்த உதவியாளரின் பயிற்சியைச் சார்ந்துள்ளது.

பாம்புக்கடி

இதனைத் தெளிவாகக் காட்டுவது பாம்புக்கடி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே நஞ்சுமுறி மருந்து பயன்படுகிறது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதியை, 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அளித்து வந்துள்ளது.

மருந்து கையிருப்பில் இருந்தாலும் அதைக் கொடுக்கத் துணிவு வேண்டும். நஞ்சுமுறி மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். அதற்கு அஞ்சி, முதல் தவணையைக் கூடக் கொடுக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது பொன்னான நேரம் வீணாகிறது. அட்ரினலினைக் கொண்டு ஒவ்வாமையைச் சமாளிக்கப் பயின்ற மருத்துவர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிகிச்சையைத் தொடங்க முடியும். விரியன் கடியில் இரத்தம் உறைகிறதா என அறிய, ஒரு புதிய கண்ணாடிக் குழாயும் 20 நிமிடங்களும் போதும். நல்ல பாம்பு, கட்டுவிரியன் நஞ்சால் மூச்சுத் தசைகள் செயலிழந்தால், செயற்கைச் சுவாசப் பையைக் கையால் அழுத்தியபடியே மலையிறங்க வேண்டும். கடித்த இடத்தைக் கீறுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. அடிபட்ட எலும்பைப் போல அந்த உறுப்பை அசையாமல் வைக்க வேண்டும் என்பதையும் ஊர்மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் 2017-இல் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024-இல் இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியதால், பாம்புக்கடி நிகழ்வுகளை மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

குரங்கணியின் பாடம்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காயமுற்றோரிடம் முதலில் சென்று சேர்ந்தவர்களில் உள்ளூர் மக்களும் இருந்தனர். மலையில் முதல் மருத்துவராக அமைபவர் பெரும்பாலும் அருகில் இருப்பவரே. எனவே மலைப்பகுதி அவசரப் பயிற்சி மருத்துவர், ஊர்தி உதவியாளர் ஆகியோருடன் வனக்காவலர், வழிகாட்டி, ஊர்மக்கள் ஆகியோரையும் சென்றடையும்போதுதான் முழுமை பெறுகிறது.