இரு சுவர்களும் ஓர் அறிக்கையும்

விடுமுறை நாள். வெயில் ஏறுமுன் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். துணைக்கு ஆள் இல்லை. ஒரு கேள்வி மட்டும் கூடவே வந்தது. "அந்த அறிக்கையை எந்தச் சுவரில் ஒட்டினார்கள், ஐயா?" என்று வகுப்பிலே மாணவன் ஒருவன் கேட்டிருந்தான். ஏட்டிலிருந்து பதில் சொல்லிவிட்டேன். இடத்தை நான் தேடிப் பார்த்ததில்லை. பார்க்காததைப் போதிக்கும் ஆசிரியனுக்கும் கேளாததை ஓதும் பூசாரிக்கும் என்ன வேறுபாடு?

திருச்சி மலைக்கோட்டையில் ஏறினேன். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகை அங்கே இருக்கிறது. அவன் புகழ் பாடும் கல்வெட்டும் இருக்கிறது. உளி பிடித்தவன் பெயர்? இல்லை. மன்னன் புகழுக்குக் கல் கிடைத்தது, மக்கள் குரலுக்கு?

ஒருமுறை சுவர் கிடைத்தது, தோழர்களே! 1801 ஜூன் 16. கீழே கோட்டைக்குள், நவாபின் அரண்மனை வாயிலில் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது; திருவரங்கம் கோயில் மதிலில் இன்னொன்று. விடுத்தவர் சின்ன மருது. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு இரண்டாண்டுகூட ஆகாத நேரம்! நவாப் அறியாமையால் வெள்ளையனுக்கு இடம் கொடுத்தான். வந்தவன் வஞ்சகத்தால் நாட்டை வளைத்தான். மக்கள் ஒற்றுமையிழந்தனர், வறுமையுற்றனர் என்று எடுத்துரைத்தது அறிக்கை. வயலில் உழைப்பவனையும், வெள்ளையனிடம் கூலி வாங்கும் சிப்பாயையும் ஒருசேர அழைத்தது.

மறுமாதமே கர்நாடகத்தின் ஆட்சி நவாப் குடும்பத்தின் கையிலிருந்து கும்பெனியின் கைக்குப் போயிற்று. அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கு மேற்பட்டோர் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். வேலூர்ப் புரட்சிக்கு ஐந்தாண்டு முன்பு. வடக்கே 1857 எழுச்சிக்கு ஐம்பத்தாறு ஆண்டு முன்பு! ஆயினும் 1857ஐயே முதற்போர் என எழுதும் ஏடுகள் எத்தனை! தென்னாட்டுக் கிளர்ச்சியே முதற்போர் என்று வரலாற்றாசிரியர் கே. இராஜய்யன் 1971இல் நூல் எழுதினார்.

கோட்டை மதில் போய்விட்டது. மெயின்கார்டு கேட் மட்டும் மிஞ்சி நிற்கிறது. காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் சேர்ந்தேன். 1987இல் முடிக்கப்பட்ட பதின்மூன்று நிலைக் கோபுரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். இந்தத் தீவில்தான் 1752இல் பிரெஞ்சுப் படை பதுங்கியது. பூக்காரம்மாவிடம் அறிக்கையைப் பற்றிக் கேட்டேன். "எந்த நோட்டீஸ் தம்பி? வைகுண்ட ஏகாதசி நோட்டீஸா?" என்றார். அவர்மீது குற்றமில்லை, சொல்லாதவர்கள் நாம்.

ஆனால், நமக்கு வேண்டியவர் எழுதியதென்பதற்காக அறிவைக் கழற்றி வைப்போமா? அந்த அறிக்கை மக்களை நான்கு வருணங்களின் பெயரால் அழைத்தது; வர மறுப்போருக்குப் பாவத்தைக் காட்டி அச்சுறுத்தியது. அந்நியனைத் துரத்தத் துடித்த நெஞ்சமும் பிறப்பின் படிக்கட்டை இடிக்க எண்ணவில்லை! ஒற்றுமை இல்லாததால் வீழ்ந்தோம் என்று அறிக்கை சொன்னது உண்மை. ஒற்றுமையைக் குலைத்தது எது என்று கேளாமல் விட்டதும் உண்மை.

கல்லணைச் சாலையில் வண்டியை விட்டேன். இருமருங்கும் வாழைத் தோப்புகள். தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவர், சேறு காயாத காலோடு, அன்பொழுக இடம் விட்டு அமரச் சொன்னார். "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "என்ன வேலை?" சொன்னேன். சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "என்ன ஆளுங்க?" என்றார்.

"வாத்தியார்தாங்க" என்றேன் மறுபடியும். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்தோமே தவிர, கேள்வி தீரவில்லை. வெள்ளையன் போய்விட்டான், அவன் நுழைந்த விரிசல் போகவில்லை!

மாணவனுக்குச் சுவர்களைக் காட்டிவிடலாம். அவற்றில் அன்று எழுதப்படாத வரியை அவனும் நானும்தான் எழுத வேண்டும்.