அறங்காவலர்

தர்மத்தைச் செய்பவன் எனப் பொருள்படும் தர்மகர்த்தா என்ற வடசொல்லுக்கு ஈடாக வழங்கும் அறங்காவலர் என்பது, அறம், காவலர் என்னும் இரு சொற்கள் புணருங்கால் மகரம் ஙகரமாகத் திரிந்து அமைந்தது. ‘கா’ என்னும் ஓரெழுத்து வினையடியாகப் பிறந்த காவலர் என்பதோ பண்டு அரசரையும் குறித்த சொல். கர்த்தாவினும் காவலரே பொருத்தமென்பேன். எடுத்துக்காட்டாக, 1903-இல் பிரிட்டனில் தோன்றிய தேசியக் கலைச் சேகரிப்பு நிதி, நன்கொடை திரட்டி, வெலாஸ்குவெஸ் தீட்டிய வீனஸ் சித்திரத்தை 1906-இல் 45,000 பவுனுக்கு வாங்கி லண்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு அளித்ததே, அத்தகைய ஸ்தாபனத்தில் ஊதியமின்றி அறங்காவலராக அமர்ந்து, அங்கத்தினர் சந்தாக் கணக்கை வரிவரியாகச் சரிபார்ப்பவர் (தூரிகையை அவர் தொட்டதேயில்லை) செய்வது காவலன்றி வேறென்ன? ஆங்கில டிரஸ்டியோ நம்பிக்கை என்னும் சொல்லடியாக வந்தவர். கோயில் வழக்கில் தர்மகர்த்தா என்ற பழம்பெயர் இன்னும் மறையவில்லை.